ஆடித் தண்ணியில முக்கொம்புலேர்ந்து பூம்புகார் வரைக்கும் கயாக்: நடக்குமா?

கேள்வி | ஜூலை 19

அண்ணே, காலேஜ் படிக்கிறேன், ஊர் மன்னார்குடி பக்கம். மார்ச்சுல ஃபிரண்ட்ஸோட ரிஷிகேஷ் போய் கங்கையில ராஃப்டிங் (ரப்பர் படகுல அலை தாண்டுறது) பண்ணிட்டு வந்தோம். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ்னு பேர் வச்ச பெரிய அலையெல்லாம் தாண்டியாச்சு, ஒருத்தனும் தண்ணியில விழல. இப்ப மேட்டூர் திறந்து தண்ணி வந்ததும் காத்தடிக்கிற கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ரெண்டு வாங்கி, முக்கொம்புல இறக்கி, பூம்புகார் வரைக்கும் வந்துடலாம்னு இருக்கோம். கங்கை மாதிரி பாறை கிடையாது, அலை கிடையாது, சமவெளி ஆறு. இதுல பயப்பட என்ன இருக்கு? நீங்க லடாக்ல ஜான்ஸ்கார் ஆத்துல ராஃப்டிங் போனவர்னு பழைய பதிவுல பாத்தேன், அதான் கேக்குறேன்.

ஜூலை 19, இரவு

வேணாம் தம்பி. காலையில நாத்துப் பறிக்க ஆள் வருது. விவரமா நாளைக்கு எழுதுறேன். அதுவரைக்கும் கயாக்குக்கு ஆர்டர் போட்டுடாத.

ஜூலை 20

ரிஷிகேஷ்ல நீங்க தாண்டுனீங்கன்னு சொல்ற. சரி. ராஃப்டுல பின்னால ஒருத்தர் உக்காந்து திருப்பிக்கிட்டு இருந்தாரே, அவரு யாரு? 'ஃபார்வர்ட்'னா வலிச்சீங்க, 'ஸ்டாப்'னா நிறுத்துனீங்க. எந்த அலைக்கு இடது பக்கமா நுழையணும், எங்க ஒதுங்கி நிக்கணும், பின்னால வர்ற ராஃப்டுக்கு எங்க காத்திருக்கணும், எல்லாம் அந்த ஆளோட தலையில இருந்துச்சு. அந்தப் படிப்பு உங்க கைக்கு வந்துடல. குத்தம் சொல்லல, நானும் முதல் தடவை அப்படித்தான் மீசையை முறுக்கிக்கிட்டு வந்தேன்.

ரெண்டாவது விஷயம் தண்ணி அளவு. நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட கன அடி கணக்கு தெரியும், காலையில டீக்கடையில முதல் பேச்சே மேட்டூர் வரத்துதான். அந்தக் கணக்குலயே சொல்றேன். அமெரிக்காவுல கொலராடோ ஆறு கிராண்ட் கேன்யன் வழியா போவுது. ராஃப்டிங் பைத்தியங்களுக்கு அது ஒரு காசி. அங்க சாதாரணமா ஓடுறது வினாடிக்கு 10 ஆயிரத்துலேர்ந்து 20 ஆயிரம் கன அடி. நம்ம கொள்ளிடத்துல வெள்ளம்னா லட்சத்துக்கு மேல போவும். ஆனா அங்க அலை வீட்டு உயரத்துக்கு எழும்புது, இங்க தண்ணி சத்தமில்லாம போவுது. அப்ப அலையை உண்டாக்குறது தண்ணியோட அளவு மட்டும் கிடையாது. வேற என்னன்னு யோசி. சாயந்திரம் எழுதுறேன்.

ஜூலை 20, சாயந்திரம்

'சரிவுதான்'னு ரெண்டு பேர் பதில் போட்டிருக்கீங்க. பாதி மார்க்.

கொலராடோ அந்தப் பள்ளத்தாக்குல சராசரியா மைலுக்கு 8 அடி இறங்குது. கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்னு வச்சுக்கங்க. தஞ்சாவூர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 60 மீட்டர் உயரம், அங்கேர்ந்து பூம்புகார் 90 கிலோமீட்டர் சொச்சம். கிலோமீட்டருக்கு முக்கா மீட்டர்கூட வரல. அதாவது நம்மளை விட அங்க ரெண்டு ரெண்டரை மடங்கு சரிவு. அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டரை மடங்கு சரிவுக்கா உலகமே கிளம்பிப் போவுது?

விஷயம் அந்தச் சரிவு எங்க செலவாவுதுங்கறதுல இருக்கு. கிராண்ட் கேன்யன்ல மொத்த இறக்கத்துல பாதி, ஆத்து நீளத்துல பத்துல ஒரு பங்குகூட இல்லாத தூரத்துல முடிஞ்சிடுது. மிச்ச தூரமெல்லாம் அமைதி. பக்கத்துப் பள்ளத்தாக்குல திடீர் மழை பெஞ்சு, பாறையும் சேறுமா உருட்டிக்கிட்டு வந்து ஆத்துல கொட்டும். ஆறு அந்த இடத்துல குறுகிடும், மேல தேங்கும், அப்புறம் ஒரே இறக்கமா கீழ பாயும். கிரிஸ்டல்னு ஒரு பேர்போன இடம் இருக்கு. 1966 டிசம்பருக்கு முன்னாடி அது ஒரு சாதாரண சலசலப்பு. அந்த மாசம் பெஞ்ச மழையில பக்கத்து ஓடை பாறையைக் கொண்டாந்து கொட்டுச்சு, அதோட ராஃப்ட்காரங்க பயப்படுற இடமா மாறிடுச்சு.

நம்ம டெல்டாவுல உருட்டிக்கிட்டு வர பாறை கிடையாது, மணல்தான். சரிவு கொஞ்சம் கொஞ்சமா செலவாயிட்டே போவுது. அதனால அலை கிடையாது. தம்பி சொன்னதுல இந்த மட்டும் சரி.

ஆனா சரிவை ஒரே இடத்துல சேத்து வைக்கிற வேலையை நாமளே பண்ணி வச்சிருக்கோமே. அணை, கதவணை, படுகை அணை, தலைப்பு மதகு. அதுதான் நான் சொல்ல வந்தது. கை வலிக்குது, மிச்சம் நாளைக்கு.

ஜூலை 21

முக்கொம்பு மேலணை ஆர்தர் காட்டன் 1836-ல கட்டுனது. கொள்ளிடம் நேர் வழி, காவிரியை விடச் சரிவும் கூட. அதனால தண்ணி மொத்தமும் கொள்ளிடத்துக்கே இழுத்துக்கிட்டுப் போச்சு, காவிரி மணல் மேடாச்சு. அதை மறிச்சுக் காவிரிப் பக்கம் தள்ளத்தான் அந்த அணை. அடுத்து கல்லணை. அங்க காவிரி, வெண்ணாறு, புது ஆறுங்கற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியுது. அதுக்குக் கீழ காவிரியில திருவையாறு, பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு வர்றதுக்குள்ள எத்தனை ரெகுலேட்டர் மதகு, எத்தனை கிளை பிரியுற தலைப்பு. கடைசியில மேலையூர் கடையணை. பாசனக்காரனுக்கு இதெல்லாம் சோறு. கயாக்கோட வர்றவனுக்கு ஒவ்வொண்ணும் ஒரு பொறி.

ரெண்டு விதமா ஆளைப் பிடிக்கும்.

ஒண்ணு, ஷட்டர். நம்ம மதகுல பெரும்பாலும் கதவைத் தூக்குனா தண்ணி அடியில பாயும். மேல்பக்கம் பாத்தா குளம் மாதிரி சும்மா நிக்கும். கயாக் கிட்டப் போச்சுன்னா கதவுல ஒட்டிக்கும், ஆளை அடியில இழுக்கும். துடுப்பால தள்ளிக்கிட்டு வர முடியாது, பின்னாடி மொத்த ஆறும் தள்ளுது.

ரெண்டாவது, தண்ணி மேல வழிஞ்சு விழுற கலிங்கு, படுகை அணை. நாலடி உயரந்தான் இருக்கும், பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி. தண்ணி விழுந்து அடித்தளத்துல மோதி மேல எழும்பும்போது ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பி விழுற இடத்துக்கே வரும். அங்க மாட்டுன மரக்கட்டை மணிக்கணக்கா உருண்டுக்கிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. மனுசனும் அப்படித்தான். நுரைத் தண்ணியில பாதி காத்து, உடம்பை மிதக்க விடாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அதோட பலம் அங்க கொறைஞ்சிடும்.

மலை ஆத்துலயும் பாறைக்குப் பின்னாடி இதே மாதிரி குழி இருக்கும். ஆனா பாறை கோணலும் மாணலுமா இருக்கும். குழிக்கு ஒரு ஓரம், ஒரு ஓட்டை கிடைக்கும், பக்கவாட்டுல நகந்தா துப்பிடும். எஞ்சினியர் கட்டுனது கரைக்குக் கரை ஒரே நேர்கோடு. ரெண்டு ஓரத்துலயும் சுவர். வெளியே வர வழி வைக்கணும்னு கட்டுனவருக்கு என்ன அவசியம், அவர் பாசனத்துக்குக் கட்டுனார். வெளிநாட்டுல மீட்புப் படைக்காரங்க இந்த மாதிரி சின்ன அணைக்கு வச்ச பேரே 'மூழ்கடிக்கும் மெஷின்'. நாலாம் நிலைங்கற முரட்டு அலையில நாள் பூரா ஓட்டுற ஆளுங்க நாலடி கலிங்கைப் பாத்தா கயாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கரையில நடப்பாங்க.

ஜூலை 21, கொஞ்சம் கழிச்சு

மேல எழுதுனதுல ஒண்ணு சேக்கணும். கீழ்ப்பக்கத் தண்ணி மட்டம் ஏற ஏற, அந்த விழுற சத்தமும் நுரையும் கொறைஞ்சிடும். அப்ப 'ஆபத்து தணிஞ்சுது'ன்னு தோணும். உண்மையில சுழற்சி தண்ணிக்கு அடியில போய் நீளமாயிடும், அதுதான் இன்னும் மோசம். வெள்ளம் ரொம்பவே உசந்தா மொத்தமா அமுங்கிப் போவும்ங்கறதும் உண்மை. ஆனா எந்த மட்டத்துல எதுன்னு கரையிலேர்ந்து பாத்துச் சொல்ல எனக்கே தைரியம் கிடையாது.

எங்க ஊர்ப் பக்கத்து ரெகுலேட்டர்ல மதகு திறந்து மூடுற லஸ்கரா இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர். கயாக், ராஃப்டிங்னு ஒண்ணும் அறியாதவர். அவர் சொல்வார்: "சலசலன்னு கத்துற தண்ணிக்குப் பயப்படாத. பாய் விரிச்ச மாதிரி கிடக்குதே, அதுக்குப் பயப்படு." நான் காசு கட்டி மலையில போய்ப் படிச்ச பாடத்தை இவர் வெத்தலை மென்னுக்கிட்டே சொல்லிட்டார்.

ஜூலை 22

"நாங்க பாலத்துலேர்ந்து குதிச்சு வளந்தவங்க, எங்களுக்குச் சொல்லித் தர்றியா"ன்னு ஒருத்தர். ஐயா, நானும் அதே பாலந்தான். குதிச்சு, தண்ணி போற போக்குல போய், அடுத்த படித்துறையில ஏறுவோம். அந்தப் படித்துறை எங்க இருக்கு, எந்த மரத்து வேரைப் பிடிக்கணும்னு தெரிஞ்சு குதிச்சோம். தெரிஞ்ச அரை கிலோமீட்டர்ல நாம ராஜா. அடுத்த ஊர் எல்லை தாண்டுனா நமக்கும் அது அந்நிய ஆறுதான். இந்தத் தம்பி நூறு கிலோமீட்டருக்கு மேல தெரியாத கரைக்குக் கேக்குறான்.

ஜூலை 22, மதியம்

"டெல்டாவுல மரம் மட்டை எல்லாம் ஒண்ணும் பண்ணாது, மலையிலதான் ஆபத்து"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கிறது தப்பு. மலை ஆத்துல ஆளைக் கொல்றதுல பெரிய கை சாஞ்சு கிடக்குற மரத்துக்குத்தான். தண்ணி கிளைக்கு ஊடால போயிடும், ஆள் சிக்கிக்குவான். நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமா? நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேல், பாலத்துத் தூண்ல வந்து அடைஞ்ச வெங்காயத்தாமரை, அதுல சிக்குன வாழைமரம். தண்ணியை மறிக்கக் கொரம்பு போட அடிச்ச மூங்கில் முளை வெள்ளத்துல தண்ணிக்குக் கீழ நிக்கும். குறுக்க கட்டுன மீன் வலை வேற. நைலான் வலையில கால் மாட்டுனா நீச்சல் சாம்பியனும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான். கயாக்காரன் ஜாக்கெட்டுல கத்தி வச்சிருக்கிறது போட்டோவுக்கு இல்ல.

காத்தடிக்கிற கயாக்குக்குக் கருவேல முள் என்ன பண்ணும்னு மன்னார்குடிக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஜூலை 23

ஜான்ஸ்கார் பத்தி நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. இழை வேற பக்கம் போவுது, போகட்டும்.

லடாக்ல பதும் பக்கத்துல இறங்கி, நிமுவுல சிந்துவோட சேர்ற இடத்துல ஏறணும். குளிர்காலத்துல அதே ஆறு உறைஞ்சு சாதர்ங்கற நடைபாதை ஆயிடும். ராஃப்டிங் ஜூலை, ஆகஸ்ட்ல. முதல்ல அகலமான சமவெளி, நம்ம கொள்ளிடம் மாதிரியே மணல் திட்டு. நாங்க பண்ணுன அலட்டல் என்னன்னா, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"னு. அப்புறம் மலை ரெண்டு பக்கமும் நெருங்கும். நியெரக் பக்கத்துல ஆறு எவ்வளவு குறுகும்னா, இவ்வளவு தண்ணியும் இதுக்குள்ளதான் போவுதான்னு சந்தேகம் வரும். அகலத்துல இருந்த தண்ணி ஆழத்துக்குப் போயிடுது. ஏறுறதுக்குக் கரை கிடையாது, செங்குத்துப் பாறை.

அலை அப்படியொண்ணும் பிரமாதம் இல்ல. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் இருக்கிற உலக அளவுல மூணு, சில இடம் நாலு. ரிஷிகேஷ்ல பாத்த அதே நிலைதான். ஆனா அங்க நாலு, இங்க நாலு ரெண்டும் ஒண்ணு இல்ல. ரிஷிகேஷ்ல விழுந்தா பத்து நிமிசத்துல ரோட்டுல டீ குடிக்கலாம். ஜான்ஸ்கார்ல விழுந்தா பனிமலை உருகுன தண்ணி. முதல் மூச்சு உள்ள போவும், அடுத்தது வராது, நெஞ்சு தானா சுருங்கிக்கும். விரல் சொன்ன பேச்சு கேக்காது. நான் விழுந்தப்ப கயித்துப் பையை வீசுனாங்க, கயிறு நெஞ்சு மேலயே விழுந்துச்சு, பிடிக்க விரல் மடங்கல. கயித்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் கரைக்கு வந்தேன். அதனாலதான் தொலைவா இருக்கிற ஆத்துக்கு ஒரு நிலை கூட்டிக் கணக்குப் போடணும்னு பழகுனவங்க சொல்வாங்க.

ராஃப்ட் பாறையில பக்கவாட்டா மோதப் போற நேரம் வழிகாட்டி 'ஹை சைட்'னு கத்துவார். உடம்பு பாறையை விட்டு விலகத்தான் பாக்கும். விலகுனா தண்ணி வர்ற பக்கம் ராஃப்ட் தாழ்ந்து, தண்ணி உள்ள ஏறி, பாறையோட சுருட்டி ஒட்டிக்கும். எல்லாரும் பாறைப் பக்கமே பாயணும். புத்திக்குப் புரியும். உடம்புக்குப் புரியறதுக்குள்ள எங்க ராஃப்ட் கவுந்துடுச்சு. மேல சொன்ன கயிறு கதை அப்ப நடந்ததுதான்.

ராத்திரி கூடாரத்துல வீட்டுப் புளிக்காய்ச்சலைச் சோத்துல போட்டுக் கலந்தேன். வடக்கத்திப் பசங்க மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போனாங்க, அப்புறம் பாட்டிலைக் காலி பண்ணுனதும் அவங்கதான். தலைக்குக் கொண்டு போன தேங்காயெண்ணெய் கட்டியா உறைஞ்சு போய், ஊர் திரும்புற வரைக்கும் வெளியே வரல.

ஜூலை 23, இரவு

ஜான்ஸ்கார் இன்னும் காட்டு ஆறான்னு கேட்டவருக்கு: நிமு–பதும்–தர்ச்சா ரோடு 298 கிலோமீட்டர், 2024 மார்ச்சுல எல்லைச் சாலை அமைப்பு இணைச்சிடுச்சு. அந்த ஊர்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வழி கிடைச்சுது. ராஃப்ட் கம்பெனிக்காரன் முகம் சுளிச்சா சுளிக்கட்டும். நமக்குத் தொலைவு வேணும்ங்கறதுக்காக இன்னொருத்தன் பனியில நடக்கணுமா?

ஜூலை 25

"அணை கட்டுன ஆத்துல என்ன சாகசம்"னு ஒரு வீராப்பு வந்திருக்கு. இந்தியாவுல நீங்க காசு கட்டிப் போற பல இடம் அணைத் தண்ணிதான். மகாராஷ்டிராவுல குண்டலிகா ஆறு, பிராங்கற ஊர்ல மின்சாரம் எடுத்துட்டு விடுற தண்ணியில ஓடுது. தாண்டேலியில காளி ஆறு சூபா அணை திறப்பை நம்பி இருக்கு. கிராண்ட் கேன்யனுக்கு மேலயும் 1963-லேர்ந்து கிளென் கேன்யன் அணை நிக்குது.

1983-ல அந்த அணை நிரம்பி வழியற நிலைக்கு வந்துச்சு. கீழ 90 ஆயிரம் கன அடிக்கு மேல விட்டாங்க. நம்ம கொள்ளிடத்துக்கு அது ஒரு நல்ல வருசத்துத் தண்ணி. அங்க மேல சொன்ன கிரிஸ்டல்ல பெரிய மோட்டார் ராஃப்டே கவுந்து ஒருத்தர் செத்தார். பயணிகளை இறக்கிக் கரையில நடக்க வச்சுத்தான் ராஃப்டைக் கொண்டு போகணும்னு உத்தரவு போட்டாங்க. 20-ஆம் தேதி நான் 'தண்ணி அளவு மட்டும் கிடையாது'ன்னு எழுதுனதை இதோட சேத்துப் படிங்க. பாறை தயாரா இருந்தா அளவு வந்து மிச்ச வேலையை முடிக்கும்.

ஜூலை 26

கரையில நடக்குறது கேவலம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. கதையில்ல, நடந்தது.

1869-ல ஜான் வெஸ்லி பவல்னு ஒருத்தர். உள்நாட்டுப் போர்ல ஒரு கை போனவர். பத்துப் பேர், நாலு மரப்படகு, கொலராடோவோட பள்ளத்தாக்கு அப்ப வரைபடத்துல வெறும் வெள்ளை இடம். மே 24-ல கிளம்புனாங்க. ஒரு படகு பாறையில நொறுங்குச்சு, மாவு நனைஞ்சு பூசணம் பிடிச்சுது. மோசமான இடமெல்லாம் படகைக் கயித்துல கட்டிக் கரையோரமா விட்டாங்க, முடியாத இடத்துல தூக்கிக்கிட்டு நடந்தாங்க. ஆகஸ்ட் 28-ல ஒரு பயங்கரமான இடம் வந்துச்சு. மூணு பேர், இனி இந்த ஆத்துல ஒரு அடிகூட வர மாட்டோம்னு பிரிஞ்சு மேல ஏறிப் போயிட்டாங்க. மிச்சப் பேர் அதைத் தாண்டி, 30-ஆம் தேதி வெர்ஜின் ஆறு சேர்ற இடத்துல மனுசங்களைப் பாத்துட்டாங்க. ஏறிப் போன மூணு பேர் திரும்பவே இல்ல.

இதைப் படிச்சுட்டு 'பாத்தியா, கரையேறுனவன்தான் செத்தான்'னு எழுதாதீங்க, அப்படி எழுத நாலு பேர் இருக்கீங்கன்னு தெரியும். மூணு மாசம் அந்தக் கூட்டமே உசிரோட வந்தது தினம் தினம் படகைத் தூக்கிக்கிட்டு நடந்ததாலதான். அந்த மூணு பேர் படகைத் தூக்கிக்கிட்டு நடக்கல, ஆத்தையே விட்டுட்டு முன்பின் தெரியாத வனாந்தரத்துக்குள்ள போனாங்க. ரெண்டும் வேற வேற முடிவு.

ஜூலை 27

எழுதிட்டாங்க. எதிர்பாத்தேன்.

ஜூலை 28

தம்பி திரும்ப வந்திருக்கான். "அப்ப காவிரி வேணாம், கொள்ளிடத்துல போறோம், அதுல ரெகுலேட்டர் கம்மி"ங்கறான். ரெகுலேட்டர் கம்மிங்கறது சரிதான். முக்கொம்பு, கல்லணை தாண்டுனா நெடுந்தூரம் தடை கிடையாது, அணைக்கரை வரைக்கும். அதுக்கும் கீழ ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை. ஆனா உபரித் தண்ணி மொத்தமும் வர்றது அங்கதான். காவிரியில பாசனத்துக்கு வேணுங்கறதை மட்டும் விட்டுட்டு, வெள்ளத்தைக் கொள்ளிடத்துலதான் திருப்பி விடுறாங்க. முழுக்க நுங்கும் நுரையுமா வரும்.

2018 ஆகஸ்ட்டை மறந்துட்டீங்களா? திருச்சியில 1928-ல கட்டுன பழைய கொள்ளிடம் பாலத்துத் தூண் விழுந்துச்சு. நாலு நாள்ல முக்கொம்புல ஒன்பது ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு. இரும்பும் காங்கிரீட்டும் ஆத்துக்குள்ள கிடந்துச்சு. அந்தத் தண்ணியில காத்தடிச்ச பையில உக்காந்து போவியா? மணல் அள்ளுன குழி வேற எங்கெங்க இருக்குன்னு அள்ளுனவனுக்கே தெரியாது. இடுப்பளவுன்னு கால் வைப்ப, அடுத்த அடி ஆளையே காணோம்.

இன்னொண்ணு, முதலை. சிரிக்காதீங்க. அணைக்கரை பக்கம் கொள்ளிடத்துல சதுப்புநில முதலை இருக்கு. சிதம்பரம் பக்கத்து ஊருக்குள்ள வந்தா வனத்துறை பிடிச்சுப் போய் வக்காரமாரி ஏரியில விடுவாங்க. ஆப்பிரிக்காவுல ஜாம்பேசி ஆத்துல ராஃப்டிங் போறவங்களும் முதலையோடதான் குடித்தனம் பண்றாங்க. விக்டோரியா அருவிக்குக் கீழ அலைக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு, ஒன்பதாம் நம்பர்ல பயணிகளை இறக்கிடுவாங்க. நம்ம ஊர்ல நம்பரும் கிடையாது, இறக்கி விட ஆளும் கிடையாது.

ஜூலை 28, இரவு

"புது ஆத்துல பழகட்டுமா"ன்னா, அதுவும் வேணாம். சிமெண்ட் போட்ட இடத்துல கரை வழுக்குச் சரிவு, பிடிக்க ஒரு புல்லுகூட கிடையாது. விழுந்தா தண்ணியோட ஓடிக்கிட்டே போய் அடுத்த மதகுலதான் நிப்ப. எந்த மாதிரி மதகுன்னு 21-ஆம் தேதி எழுதியிருக்கேன்.

ஜூலை 30

எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னு சொல்ற கிழம்னு பேர் வாங்கியாச்சு. சரி, வேணும்ங்கறதைச் சொல்றேன்.

முதல்ல குளம். கயாக்கோட கவுந்து, தண்ணிக்குள்ள தலைகீழா இருக்கும்போதே இடுப்பை முறுக்கித் துடுப்பால நிமிர்றது இருக்கே, ரோல், அதை ஓடுற தண்ணியில கத்துக்க முடியாது. நான் எங்க ஊர்க் குளத்துல பழகுனேன். கவுறுவேன், நிமிர முடியாது, மேல் மூடியை இழுத்துக்கிட்டு வெளியே வருவேன், தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி. படியில துணி தொவைச்ச பக்கத்து வீட்டு அப்பாயி ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏந்தம்பி, உள்ள என்னத்தத் தேடுற, சாவியைப் போட்டுட்டியா"ன்னுச்சு. மறுநாள் ஊரே கேட்டுச்சு, சாவி கிடைச்சுதான்னு. அந்த ரோல் வந்த பிறகுதான் தலைகீழா இருக்கும்போது பதட்டம் போச்சு. பதட்டம் போனாதான் கண்ணு ஆத்தைப் பாக்கும்.

அடுத்து ஆத்தைப் படிக்கிறது. பாறைக்குப் பின்னால தண்ணி திரும்பி மேல்நோக்கி ஓடுற இடம் இருக்கும், எடின்னு சொல்வாங்க. அதுதான் மலை ஆத்துல நிறுத்தம். ஒரு எடிலேர்ந்து அடுத்த எடி, அங்கேர்ந்து அடுத்தது, இப்படித்தான் இறங்குவாங்க. கடகடன்னு மேலேர்ந்து கீழ வரைக்கும் போறது வீடியோவுலதான். தண்ணியில V கூம்பு கீழ்ப்பக்கமா நீண்டா வழி, மேல்பக்கமா பாத்தா அங்க பாறை. கயாக்கை விட்டு விழுந்தா மல்லாந்து, கால் முன்னாடி, பாதம் மேல தெரியணும். இடுப்பளவு தண்ணிதானேன்னு எழுந்து நிக்கக் கூடாது. பாறை இடுக்குல கால் சிக்குனா தண்ணி முதுகை அமுக்கிடும்.

இதைச் சொல்லிக் குடுக்க நமக்குக் கிட்ட உள்ள இடம் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி, துஷாரகிரி. சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா. மழைக்காலத்துல 2013-லேர்ந்து மலபார் நதித் திருவிழா நடக்குது, வெளிநாட்டுக் கயாக்காரங்கல்லாம் வருவாங்க. முதல்ல போய்க் கரையில நின்னு பாரு.  எந்தக் கல்லுக்கு இடதுல போறான், ஏன் அங்க நிறுத்துறான், கயித்தோட ஒருத்தன் எங்க நிக்கிறான்னு பாரு. கயித்துக்காரன் நிக்கிற இடத்தைப் பாத்தாலே ஆறு பாதி புரிஞ்சிடும்.

லைஃப் ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்தா போட்டு, வாரெல்லாம் இழுத்துக் கட்டி, தோள்பட்டையைப் பிடிச்சு ஒருத்தனை மேல தூக்கச் சொல்லு. காதுக்கு வந்தா அது உனக்கு இல்ல. ஒரு இடத்துல எனக்குக் குடுத்த ஜாக்கெட்டுல உள்ள இருந்த ஸ்பாஞ்ச் தண்ணியை உறிஞ்சிக் கனத்துச்சு. மிதக்க வேண்டியது என்னைக் கீழ இழுத்துச்சு. பணத்தைத் திருப்பித் தரல, நானும் விட்டுட்டேன், உசிர் வந்ததே போதும்னு.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. படித்துறையில நல்ல கூட்டம், கயிறு கட்டிப் போலீஸ் நின்னுது. கருகமணி, காதோலை, முளைப்பாரி எல்லாம் போட்டுட்டு வந்தோம். சித்ரான்னம் அஞ்சு வகை, இப்ப எழுதுறதுக்குக் கண்ணு சொருகுது.

ஆகஸ்ட் 4

தம்பி தனியா எழுதியிருக்கான். கயாக் ஜூலை 18-ஆம் தேதியே ஆர்டர் போட்டாச்சாம், கேள்வி கேட்டதுக்கு முந்தின நாள். பார்சல் வீட்டுக்கு வந்து நிக்குது, அப்பாவுக்குத் தெரியாம மாட்டுக் கொட்டகையில இருக்குதாம். வித்துடவான்னு கேக்குறான்.

விக்காத. ஓடாத தண்ணியில அது நல்ல வண்டி. ஊர்க் குளத்துல ஏறி இறங்கிப் பழகு, ரோல் அதுல வராது, துடுப்பு பிடிக்கிறது வரும். பிச்சாவரம் பக்கம், முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம்னா வனத்துறையிடம் கேட்டுட்டுத்தான் இறக்கணும், தனியா சொந்தப் படகை விட விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்க. முத்துப்பேட்டையில ஓதம் ஏறுற நேரம், வத்துற நேரம் மீனவங்ககிட்ட விசாரி, இல்லன்னா திரும்பி வரும்போது சேத்துல கயாக்கை இழுத்துக்கிட்டு நடக்கணும்.

பம்புக்கு வால்வு பொருந்தலைன்னு கேட்டிருக்க. பஞ்சர் கடையில தேடாத, கிடைக்காது. கயாக் வந்த அதே பெட்டியில அடியில ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதுல அடாப்டரும் ஒட்டுத் துண்டும் இருக்கு. மாடு மிதிக்கிறதுக்குள்ள எடு.